தம்பி நாயுடு குறுக்கே நின்ற அன்று

ஸ்பியான் கோப் குன்றைப் பற்றிய துணுக்கு பலருக்கும் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். 1900 ஜனவரியில், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் உள்ள அந்தக் குன்றில் ஆங்கிலேயரும், டச்சு வழிவந்த குடியேறிகளான போயர்களும் மோதினார்கள். போயர் படையை நடத்தியவர் லூயிஸ் போத்தா, பின்னாளில் தென்னாப்பிரிக்க ஒன்றியத்தின் முதல் பிரதமர். செய்தியாளராகவும் படை அதிகாரியாகவும் குன்றில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தவர் வின்ஸ்டன் சர்ச்சில். அடிபட்ட ஆங்கிலேயச் சிப்பாய்களைத் தூக்கிச் சுமந்த இந்தியர் படையில் காந்தி. மூன்று தலைவர்கள், ஒரே குன்று. லிவர்பூல் கால்பந்து மைதானத்தின் புகழ்பெற்ற ‘கோப்’ பகுதிக்குப் பெயர் வந்ததும் இந்தக் குன்றிலிருந்துதான்.

துணுக்கு உண்மைதான். ஆனால் அதில் முக்கால்வாசிப் பேர் விடுபட்டுப் போகிறார்கள். அந்தத் தூக்குப் படையில் காந்தியோடு சேர்த்து ஏறக்குறைய 1,100 பேர் இருந்தார்கள். அவர்களில் 800 பேர் வரை ஒப்பந்தக் கூலிகள், கரும்புத் தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்டவர்கள். 1860-இல் ட்ரூரோ என்ற கப்பல் மதராஸிலிருந்து 342 பேரோடு டர்பன் வந்து சேர்ந்ததிலிருந்து 1911 வரை நேட்டாலுக்கு வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் 1,52,184 பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் மதராஸ் துறைமுகம் வழியாக வந்த தமிழரும் தெலுங்கரும். சண்டையில் படுகாயமடைந்த தளபதி உட்கேட்டைத் தூளியில் தூக்கிச் சென்ற தோள்கள் இவர்களுடையவை. ஒருநாளில் 20, 25 மைல்கூட நடந்திருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட துணுக்குகளைச் சொல்பவர்கள் எல்லாவற்றையும் தற்செயல் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தென்னாப்பிரிக்காவில் பெரிய மனிதர்கள் ஒருவரோடொருவர் பின்னிக்கிடப்பதற்குக் காரணங்கள் உண்டு. எந்தச் சாதிக்காரன், எந்த நிறத்தான் எங்கே குடியிருக்கலாம், எங்கே படிக்கலாம், எந்தச் சிறைக்குப் போகலாம் என்பதையெல்லாம் சட்டம் தீர்மானித்த நாடு இது. ஆகவே ஒரே தெருவில், ஒரே கல்லூரியில், ஒரே சிறையில் ஆட்கள் சந்தித்துக்கொண்டே இருந்தார்கள். அந்தச் சந்திப்புகளின் நடுவில் பெரும்பாலும் ஒரு தமிழர் நிற்பார். அவர் பெயர்தான் துணுக்கில் இருக்காது.

தம்பி நாயுடுவை எடுத்துக்கொள்வோம். 1875-இல் மொரீஷியஸில் பிறந்தவர், ஜோகன்னஸ்பர்க்கில் வண்டிச் சரக்கு வியாபாரம். பள்ளிப் படிப்பு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனால் தமிழ், ஆங்கிலம், இந்துஸ்தானி, கொஞ்சம் தெலுங்கு, பிறந்த ஊரின் கிரியோல், இந்த மண்ணின் ஆப்பிரிக்க மொழி எல்லாம் அவர் வாயில் புழங்கின என்று காந்தி எழுதியிருக்கிறார். அவருடைய முன்கோபம் மட்டும் இல்லையென்றால் டிரான்ஸ்வால் இந்தியர்களின் தலைமையே அவர் கைக்கு வந்திருக்கும் என்றும் எழுதியிருக்கிறார்.

டிரான்ஸ்வாலில் ஆசியர்கள் கட்டாயமாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து 1908 ஜனவரியில் காந்தி முதன்முறையாகச் சிறைக்குப் போனபோது தம்பி நாயுடுவும் உள்ளே இருந்தார். சீனர்களின் தலைவர் லியுங் க்வின்னும் இருந்தார். அந்த மாதம் 28-ஆம் தேதி டிரான்ஸ்வால் அமைச்சர் ஜெனரல் ஸ்மட்ஸுக்குச் சமரசக் கடிதம் ஒன்று ஜோகன்னஸ்பர்க் கோட்டைச் சிறைக்குள்ளிருந்து போனது. அதில் கையெழுத்துப் போட்டவர்கள் மூன்று பேர்: குஜராத்தி வக்கீல் ஒருவர், சீனர் ஒருவர், மொரீஷியஸ் தமிழர் ஒருவர். வரலாற்றுப் புத்தகங்கள் அதை ‘காந்தி–ஸ்மட்ஸ் ஒப்பந்தம்’ என்று சுருக்கிவிட்டன.

அந்தச் சமரசம் பிடிக்காதவர்கள் சமூகத்துக்குள்ளேயே இருந்தார்கள். பிப்ரவரி 10-ஆம் தேதி, தானாக முன்வந்து பதிவு செய்துகொள்ள காந்தி பதிவு அலுவலகம் நோக்கி நடந்தார். மீர் ஆலம் என்ற பட்டாணியரும் கூட்டாளிகளும் வழிமறித்துத் தடியால் அடித்தார்கள். முதல் அடியிலேயே காந்தி நினைவிழந்து விழுந்தார். விழுந்தவர்மேல் தொடர்ந்து விழுந்த அடிகளையும் உதைகளையும் குறுக்கே பாய்ந்து வாங்கியவர்கள் யூசுப் மியானும் தம்பி நாயுடுவும். அன்று இந்த இருவரும் கூட இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யோசித்துப் பார்க்கலாம். நினைவு திரும்பியதும் காந்தி முதலில் கேட்டது மீர் ஆலம் எங்கே என்றுதான். அவரை விட்டுவிடச் சொன்னார்.

இனி இந்த ஒரு அடியிலிருந்து எத்தனை பேர் கிளைவிட்டுப் போகிறார்கள் என்று பாருங்கள்.

அடிபட்ட காந்தியைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனவர் ஜோசப் டோக், ஜோகன்னஸ்பர்க்குக்குப் புதிதாக வந்திருந்த பாப்டிஸ்ட் பாதிரியார். அந்த வீட்டில் படுத்துக் குணமான நாட்களில் வளர்ந்த நட்புதான் காந்தியின் முதல் வாழ்க்கை வரலாறாக 1909-இல் வெளிவந்தது. அந்த நூலுக்கு முன்னுரை எழுதியவர் ஆம்ப்தில் பிரபு. நம் பாட்டன் பூட்டன்கள் மதராஸில் கப்பலேறிய காலத்தில், 1900 முதல் 1906 வரை, அங்கே கவர்னராக இருந்தவர் அதே ஆம்ப்தில்.

டோக் வீட்டில் அப்போது கிளெமென்ட் என்ற பையன் இருந்தான், பதினான்கு வயது. அவன் வளர்ந்து ஆப்பிரிக்க மொழிகளின் ஆகப்பெரிய இலக்கண அறிஞர்களில் ஒருவரானான். ஜூலு மொழியின் பெரிய அகராதி 1948-இல் வெளிவந்தபோது அதன் அட்டையில் இரண்டு பெயர்கள்: சி.எம். டோக், பி.டபிள்யூ. விலகாசி. பெனடிக்ட் விலகாசி ஜூலு கவிஞர், தென்னாப்பிரிக்காவில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர். காந்தியைப் பற்றிப் பேசுபவர்கள் இந்தப் பையனைக் கவனிப்பதில்லை. ஜூலு அகராதியைப் புரட்டுபவர்களுக்கு அந்த வீட்டில் காந்தி படுத்திருந்தது தெரியாது. இரண்டு கூட்டமும் இதே நாட்டில்தான் இருக்கிறது.

அப்புறம், டோக் எழுதிய புத்தகத்தின் ஒரு பிரதியை காந்தி 1909-இல் ரஷ்யாவுக்கு டால்ஸ்டாய்க்கு அனுப்பினார். டால்ஸ்டாயோடு அவருக்குக் கடிதப் பழக்கம் ஏற்பட்டதற்கு ஒரு காரணம், முந்தைய ஆண்டு டிசம்பரில் டால்ஸ்டாய் தாரக்நாத் தாஸ் என்ற வங்காளிக்கு எழுதிய நீண்ட கடிதம். அதை லண்டனில் படித்த காந்தி, திரும்பி வரும் கப்பலிலேயே குஜராத்தியில் மொழிபெயர்த்தார். அந்தக் கடிதத்தில் டால்ஸ்டாய் மேற்கோள் காட்டும் நூல்களில் ஒன்றுக்கு அவர் தரும் பெயர் ‘இந்துக் குறள்’. இன்னா செய்யாமை அதிகாரத்திலிருந்து ஆறு குறள்கள். அதில் ஒன்று,

கறுத்தின்னா செய்தவக் கண்ணும் மறுத்தின்னா
செய்யாமை மாசற்றார் கோள்.

கோபத்தில் நமக்குத் தீங்கு செய்தவனுக்கும் திருப்பித் தீங்கு செய்யாமலிருப்பதே குற்றமற்றவர்களின் கொள்கை. திருவள்ளுவர் ரஷ்யாவுக்குப் போய், லண்டன் சுற்றி, கேப் டவுன் போகும் கப்பலில் காந்தியின் மேசைக்கு வந்து சேர்கிறார். அதற்குள் மீர் ஆலம் விஷயத்தில் காந்தி இந்தக் குறளை நடத்தியே காட்டிவிட்டார் என்பது எனக்கு மிகவும் பிடித்த இடம். அவருக்கு வாய்த்த சிறைத் தோழர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்களோடு பேசுவதற்காகவே ஜி.யு. போப்பின் தமிழ்க் கையேட்டை வைத்துக்கொண்டு கப்பலிலும் சிறையிலும் தமிழ் படித்தார். போப் யார்? குறளை ஆங்கிலத்தில் தந்த அதே போப்.

டால்ஸ்டாய் பெயரில் 1910-இல் ஜோகன்னஸ்பர்க்குக்கு வெளியே லாலி என்ற இடத்தில் ஒரு பண்ணை தொடங்கியது. 1,100 ஏக்கர். நிலத்தைக் கொடுத்தவர் ஹெர்மன் காலென்பாக் என்ற யூதக் கட்டடக் கலைஞர். சிறைக்குப் போனவர்களின் குடும்பங்கள் அங்கே தங்கின. பாதிக்கு மேல் தமிழ்க் குடும்பங்கள் என்றாலும் தவறில்லை. காலென்பாக் டர்பன் பக்கத்து மரியான்ஹில் மடத்துத் துறவிகளிடம் செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு வந்து காந்திக்கும் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்தார். காந்தி தன் கையால் தைத்த ஒரு ஜோடியை 1914-இல் ஸ்மட்ஸுக்குப் பரிசாகத் தந்ததும், 1939-இல் காந்தியின் 70-ஆவது பிறந்தநாளை ஒட்டி ஸ்மட்ஸ் அதைத் திருப்பி அனுப்பியதும் ஊரறிந்த கதை. நான் சொல்ல வந்தது அதே பண்ணையில் வளர்ந்த வேறு சிலரைப் பற்றி.

1914-இல் காந்தி இந்தியாவுக்குக் கிளம்பியபோது, தம்பி நாயுடு தன் மகன்களில் நால்வரை அவர் பொறுப்பில் அனுப்பினார், நாட்டுக்குத் தொண்டு செய்யட்டும் என்று. அந்தப் பிள்ளைகள் சாந்திநிகேதன் போய்ச் சேர்ந்தார்கள். காந்தியும் தாகூரும் நேரில் சந்தித்தது 1915 மார்ச்சில். அதாவது, இரண்டு பெரியவர்களும் முகம் பார்ப்பதற்கு முன்பே ஜோகன்னஸ்பர்க் தமிழ்ப் பிள்ளைகள் தாகூரின் பள்ளியில் இருந்தார்கள். பிறகு காந்தியின் ஆசிரமத்தில் வளர்ந்தார்கள்.

நால்வரில் ஒருவரான நாரண்சாமி தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்பித் தொழிற்சங்கத்திலும் இந்தியர் காங்கிரஸிலும் இறங்கினார். அவர் மனைவி மனோன்மணி, ஊருக்கே ‘அம்மா நாயுடு’. ராக்கி தெருவில் இருந்த அவர்கள் வீட்டுக்கு வராத போராட்டக்காரர் குறைவு. அந்த வீட்டுப் பிள்ளைகள் ஐந்து பேரின் கதைகளும் ஒவ்வொன்றும் தனியாக எழுதத்தக்கவை. இங்கே இரண்டு பேரை மட்டும் சொல்கிறேன்.

மகள் சாந்தி 1969-இல் கைது செய்யப்பட்டுத் தனிச்சிறையில் வைக்கப்பட்டார். அதே வழக்கில் பிடிபட்டிருந்தவர் வின்னி மண்டேலா. வின்னிக்கும் மற்றவர்களுக்கும் எதிராகச் சாட்சி சொல்ல சாந்தியைக் கூண்டில் ஏற்றினார்கள். சொல்ல மாட்டேன் என்றார். அதற்காகவே தனியாக இரண்டு மாதச் சிறைத் தண்டனை. தனிமையில் வதைபட்டு, தூக்கமில்லாமல் கேள்வி கேட்கப்பட்டு வந்த ஒரு பெண், ஒரு வார்த்தை சொன்னால் வீட்டுக்குப் போகலாம் என்ற நிலையில் சொன்ன பதில் அது. தாத்தா குறுக்கே விழுந்து வாங்கிய அடிக்கு இது குறைந்ததல்ல என்பதே என் எண்ணம்.

மகன் இந்திரேஸ் 1963-இல் ரயில்வே சிக்னல் பெட்டியைத் தகர்க்கப் போனபோது பிடிபட்டு, சுடப்பட்டு, பத்தாண்டுகள் ராபென் தீவுச் சிறையில் இருந்தார். வெளியே வந்து தன் சிறை அனுபவத்தை அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் ஆல்பி சாக்ஸ் என்ற வெள்ளை வழக்கறிஞர். 1988-இல் மாபுட்டோவில் நிறவெறி அரசின் ஆட்கள் காரில் வைத்த வெடிகுண்டில் ஒரு கையை இழந்தவர். மண்டேலா அதிபரானதும் 1994-இல் அரசியலமைப்பு நீதிமன்றத்தின் முதல் நீதிபதிகளில் ஒருவரானார்.

அந்த நீதிமன்றம் எங்கே கட்டப்பட்டது தெரியுமா? 1908-இல் காந்தியும் தம்பி நாயுடுவும் லியுங் க்வின்னும் கடிதத்தில் கையெழுத்திட்ட ஜோகன்னஸ்பர்க் கோட்டைச் சிறை வளாகத்தில். மண்டேலா 1956-இலும் 1962-இலும் விசாரணைக் கைதியாக அடைபட்டது அங்கே. வின்னி அடைபட்ட பெண்கள் சிறையும் அதே வளாகத்தில். பேரன் சொன்ன சிறைக்கதையை எழுதியவர், தாத்தா அடைபட்ட சிறையின் மண்ணில் உட்கார்ந்து தீர்ப்பு எழுதியிருக்கிறார்.

இந்தியாவிலிருந்து யாராவது வந்தால் நான் அங்கே அழைத்துப் போவதுண்டு. விசாரணைக் கைதிகளின் கட்டடத்தை இடித்த செங்கற்களையே எடுத்து நீதிமன்றத்துக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். வழக்கு நடக்கும் கூடத்தின் சுவரில் அந்தச் செங்கல் பூச்சில்லாமல், விளிம்பு உடைந்து, கரி படிந்தபடியே தெரியும். நீதிபதிகள் உட்காரும் வரிசைக்குப் பின்னால் நீளமாக, ஒடுக்கமாக ஒரு கண்ணாடிச் சன்னல். வெளியே தெருவில் நடந்து போகிறவர்களின் கால்கள் மட்டும் அதில் தெரியும்: பள்ளிக்கூடச் சப்பாத்து, ரப்பர் செருப்பு, சில நேரம் வெறுங்கால். இடித்த கட்டடத்தின் மாடிப்படிக் கூண்டுகளை மட்டும் வெளியே அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பிராம்ஃபான்டெய்ன் கல்லறைத் தோட்டத்தில் தில்லையாடி வள்ளியம்மை இருக்கிறார். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர், மாரிட்ஸ்பர்க் சிறையிலிருந்து காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22-இல் இறந்தபோது வயது பதினாறு. அவருக்கும், 1909-இல் சிறைக்கொடுமையால் இறந்த நாகப்பனுக்கும் அதே ஆண்டு ஜூலை 15-இல் நினைவுக்கல் திறந்தவர் காந்தி. வள்ளியம்மை தன் சேலையைக் கிழித்து இதுதான் எங்கள் கொடி என்று காட்டினார், அதனால்தான் இந்தியக் கொடியில் அந்த நிறங்கள் வந்தன என்று ஒரு கதை பல காலமாகச் சுற்றுகிறது. அதை நம்ப இடமில்லை. 1921-இல் காந்தி ஏற்றுக்கொண்ட கொடியின் நிறங்கள் வெள்ளை, பச்சை, சிவப்பு; காவி வந்தது 1931-இல். அந்தப் பெண்ணுக்குக் கற்பனைப் பெருமை தேவையில்லை. சிறைக்குப் போனதற்கு வருத்தப்படுகிறாயா என்று சாகும் தறுவாயில் கேட்டதற்கு, இப்போதும் போகத் தயார் என்று சொன்னாரே, அது போதும். இன்னொரு உண்மையான இணைப்பும் உண்டு. காந்தி அந்த நினைவுக்கல்லைத் திறந்த இதே தென்னாப்பிரிக்காவுக்கு 1996-இல் இந்தியத் தூதராக வந்தவர் கோபாலகிருஷ்ண காந்தி. அப்பா வழியில் காந்தியின் பேரன், அம்மா வழியில் ராஜாஜியின் பேரன்.

டர்பன் பக்கம் போனால் கதை வேறு மாதிரி. அங்கே ஆட்களைச் சேர்த்தது அச்சகமும் பள்ளிக்கூடமும். 1903-இல் ஜான் டூபே தொடங்கிய ‘இலாங்கா’ என்ற ஜூலு பத்திரிகையும், சில மாதம் கழித்துத் தமிழ் உள்பட நான்கு மொழிகளில் வந்த ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகையும் முதலில் ஒரே இந்திய அச்சகத்தில் அச்சானவை. டூபே 1912-இல் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் முதல் தலைவரானார். அவருடைய ஓலாங்கே பள்ளி காந்தியின் ஃபீனிக்ஸ் குடியிருப்புக்குப் பக்கத்து ஊர்தான். 1994 ஏப்ரல் 27-இல் மண்டேலா தன் வாழ்நாளின் முதல் வாக்கைப் போட இடம் தேடியபோது தேர்ந்தெடுத்தது அந்தப் பள்ளியை.

மருத்துவம் படிக்க இந்தியர்களுக்கு இங்கே கதவு அடைபட்டிருந்தது. அதனால் டாக்டர் மான்டி நாய்க்கர், யூசுப் தாதூ, குணம் மூவரும் ஸ்காட்லாந்துக்குப் போய் எடின்பரோவில் படித்தார்கள். நாட்டைவிட்டுத் துரத்திய சட்டமே எதிரிகளை ஓரிடத்தில் சேர்த்துவைத்தது என்று சொல்லலாம். இந்தியர் காங்கிரஸ் தலைவர்களான நாய்க்கரும் தாதூவும் 1947-இல் ஆப்பிரிக்க காங்கிரஸின் டாக்டர் சூமாவோடு போட்ட ‘மூன்று டாக்டர்கள் ஒப்பந்தம்’ பிறகு வந்த கூட்டுப் போராட்டத்துக்கு அடித்தளம். குணம், டர்பன் தமிழ்ப் பெண், இந்நாட்டின் முதல் இந்தியப் பெண் மருத்துவர். தாதூ இப்போது இருப்பது லண்டன் ஹைகேட் கல்லறையில், கார்ல் மார்க்ஸின் கல்லறைக்குப் பக்கத்தில்.

வலங்கைமானில் பிறந்த சீனிவாச சாஸ்திரி 1927-இல் இந்திய அரசின் முதல் ஏஜெண்டாக, அதாவது பிரதிநிதியாக, இங்கே வந்து, டர்பனில் இந்தியப் பிள்ளைகளுக்கென்று எழுப்பிய சாஸ்திரி கல்லூரிக் கட்டடத்தில்தான் நேட்டால் பல்கலைக்கழகம் வெள்ளையரல்லாதவர்களுக்கு வகுப்பு நடத்தியது. அப்படிப் பிரித்து நடத்தப்பட்ட படிப்பில் வந்தவர்களில் ஒருவர் நவநீதம் பிள்ளை, பஸ் ஓட்டுநரின் மகள். 1973-இல் அவர் வாதாடித்தான் மண்டேலா உள்ளிட்ட ராபென் தீவுக் கைதிகளுக்கு வழக்கறிஞரைப் பார்க்கும் உரிமை கிடைத்தது. பிறகு ருவாண்டா இனப்படுகொலை விசாரணை நீதிபதி, ஐ.நா. மனித உரிமை ஆணையர். இலங்கையைப் பற்றிய செய்திகளில் அவர் பெயரைப் பார்த்த தமிழர்களுக்கு, அந்தத் தீவுக்கு முன் இன்னொரு தீவு இருந்தது தெரிந்திருக்காது.

கடைசியாக ஒன்று, பணம் சம்பந்தப்பட்டது. காந்தி முதல்முறை சிறைக்குப் போன அதே 1908-இல் வ.உ.சிதம்பரனார் தூத்துக்குடியில் கப்பல் விட்ட குற்றத்துக்குச் சிறை போனார். 1912 இறுதியில் அவர் வெளியே வந்தபோது கப்பலும் இல்லை, வக்கீல் சன்னதும் இல்லை, சென்னையில் சாப்பாட்டுக்கே தவிப்பு. இங்கிருந்த தமிழர்கள் அதைக் கேள்விப்பட்டுத் தங்களுக்குள் வசூல் செய்து, அவரிடம் சேர்க்கும்படி காந்தியிடம் கொடுத்தார்கள். காந்தி 1915-இல் ஊர் திரும்பினார். எந்தப் பணம் யாருக்கு என்ற கணக்கு அவர் கையில் தெளிவாக இல்லை. வ.உ.சி. தன் வறுமையைச் சொல்லிக் கேட்டு எழுத, காந்தி விசாரித்துப் பதில் எழுத, கடிதங்கள் போய்வந்தன. ஒருவழியாக 1916 தொடக்கத்தில் பணம் கைக்கு வந்தது: 347 ரூபாய் 12 அணா.

கொடுத்தவர்களும் வசதிக்காரர்கள் இல்லை. ஒப்பந்தம் முடிந்தவர்கள் 1913 போராட்டம் வரை ஆண்டுக்கு 3 பவுண்டு தலைவரி கட்டிக்கொண்டிருந்த நாடு இது; மாதச் சம்பளமே அதில் பாதி எட்டாது. அந்தக் கையிலிருந்துதான் தூத்துக்குடிக்காரருக்குப் பணம் போயிருக்கிறது.